கொழுந்துக் கூடைக்கு ஓர் ஐகன்

பதுளையிலிருந்து பசறை வழியாகச் செங்கலடிக்கு இறங்கும் ஏ5 வீதியில் லுணுகலையை நெருங்கினால் இருபுறமும் தேயிலைதான். ஹொப்டன், அடாவத்தை போன்ற தோட்டங்கள் சூழ்ந்த ஊர் அது. இந்த மலைகளில் பறிக்கும் கொழுந்து ஊவாத் தேயிலையாகிப் பைக்கற்றில் அடைபட்டுக் கடல் கடக்கும்போது, சில பைக்கற்றுகளின் மேல் வாளேந்திய சிங்கம் ஒன்று நிற்கும். எல்லாப் பைக்கற்றிலும் நிற்காது. அந்தச் சிங்கம் 1976 இல் தொடங்கப்பட்ட இலங்கைத் தேயிலைச் சபையின் சொத்து. அதைப் பைக்கற்றில் அச்சிட வேண்டுமானால் உள்ளே இருப்பது முழுக்க முழுக்க இலங்கைத் தேயிலையாக இருக்க வேண்டும். பொதி செய்வது இலங்கையிலேயே நடக்க வேண்டும். சபையின் தரக் கட்டுப்பாட்டுக்கும் அது உட்பட வேண்டும். லுணுகலைக் கொழுந்தே ஆனாலும், மொத்தமாக ஏற்றுமதியாகி வேறொரு நாட்டில் பைக்கற்றில் அடைபட்டால் சிங்கத்துக்கு அங்கே இடமில்லை.

விரல்நுனி அளவுப் படம். ஆனால் அதற்கு ஒரு சொந்தக்காரர் உண்டு, நிபந்தனைகள் உண்டு. தேயிலைக்காரர்களுக்கு இது பழகிய செய்தி. கைபேசிச் செயலி செய்யும் இளைஞர்களில் பலருக்கு இன்னும் பழகவில்லை.

பதுளையில் 2005 முதல் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் இருக்கிறது; கணினி படிக்கும் பிள்ளைகள் தோட்டத்து லயங்களிலிருந்தும் வருகிறார்கள். அவர்களில் ஒரு மாணவி தன் அம்மாவுக்காக ஒரு செயலி எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஆறு பொத்தான்கள்: இன்றைய கொழுந்து நிறை, இந்த மாதப் பேர்க் கணக்கு, சம்பளத் துண்டு, தோட்டத்து மருந்தகம், பஸ் நேரம், வாட்ஸ்அப்பில் அனுப்பு. அன்றைய வேலை முழு நாளாகப் பதிவான முழுப்பேரா, அரை நாளாகப் பதிவான அரைப்பேரா, கைக்காசு எவ்வளவு என்று அம்மாவே பார்த்துக்கொள்ள வேண்டும். எழுத்துக் கூட்டி வாசிக்க நேரம் எடுக்கும் அம்மாவுக்குப் பொத்தானில் படம் இருந்தால் நல்லது. மாணவி இணையத்தில் தேடி, கண்ணுக்குப் பிடித்த ஆறு படங்களைப் பதிவிறக்குகிறாள்.

அந்த ஆறு படங்களும் யாருடையவை? இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு பொத்தானும் வெவ்வேறு பதில் சொல்லும்.

கோடுகளால் ஆன படம்

முதலில் இந்தப் படம் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். கைபேசி ஐகன் பெரும்பாலும் புகைப்படத்தைப் போல நிறப் புள்ளிகளால் ஆனதல்ல. எஸ்விஜி என்ற வடிவில் அது ஒரு வரைதல் குறிப்பு: இந்தப் புள்ளியிலிருந்து அந்தப் புள்ளிக்குக் கோடு போடு, இங்கே வளை, உள்ளே நிறம் நிரப்பு என்று கணினிக்குச் சொல்லும் சில வரிகள். உலகளாவிய வலைச் சேர்த்தியம் இதை 2001 இல் தரநிலையாக ஏற்றது. கோட்டைச் சொல்லால் விவரிப்பதால் படத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓரம் பிசிறாது. எளிய ஐகன் ஒன்றின் கோப்பு பல வேளைகளில் ஒரு கிலோபைட்டைக்கூட எட்டாது. மலை மடிப்பில் சிக்னல் ஒரு கோடாக ஒடுங்கும் இடத்தில் இந்தச் சிக்கனம் பெரிய உதவி.

இன்னொரு வழியும் இருக்கிறது: படங்களை எழுத்துருவுக்குள் எழுத்துகள் போல அடைத்து வைப்பது. ஆனால் அந்த எழுத்துரு வந்து சேராவிட்டால் படம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சதுரம் நிற்கும். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த கடிதத்தை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்து, தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகள் சிதறிக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தத் துன்பம் விளங்கும். புதிய செயலிகள் எஸ்விஜி பக்கம் சாய்வதற்கு இது ஒரு காரணம்.

ஐகன்களைத் தனித்தனியே பொறுக்காமல் தொகுப்பாக எடுப்பதற்கும் காரணம் உண்டு. கூகுளின் மெட்டீரியல் தொகுப்பில் எல்லாப் படமும் 24க்கு 24 அலகுக் கட்டத்துக்குள் வரையப்படுகிறது. கோட்டின் தடிப்பு, மூலையின் வளைவு, சுற்றிலும் விடும் வெளி எல்லாம் ஒரே கணக்கு. ஆறு இடங்களிலிருந்து ஆறு படம் எடுத்தால் ஒன்று தடித்து, ஒன்று மெலிந்து, சந்தையில் கூறு கட்டிய மரக்கறி மாதிரி ஆகிவிடும். படம் 24 அலகாக இருந்தாலும் தொடும் பரப்பு குறைந்தது 48 அலகு, அதாவது சுமார் 9 மில்லிமீற்றர் இருக்க வேண்டும் என்பது அண்ட்ராய்ட் வழிகாட்டல். ஆப்பிள் தன் அலகில் 44 என்கிறது. நாள் முழுக்கக் கொழுந்து கிள்ளிக் காய்த்துப்போன விரலுக்கு அந்த 9 மில்லிமீற்றர் மிக அவசியம்.

விட்டுக்கொடுத்தவர்களின் வரலாறு

படக்குறிகளைத் தொகுப்பாக வகுக்கும் முயற்சி கணினிக்கு முந்தியது. 1920களில் வியன்னாவில் ஒட்டோ நியூராத் என்ற சமூக அறிவியலாளர், புள்ளிவிவரங்களை எளிய மக்களுக்குப் படமாகக் காட்ட ஒரு முறையை வகுத்தார். பின்னாளில் ஐசோடைப் என்று பெயர் பெற்ற அந்த முறைக்கு ஓவியர் கெர்ட் ஆர்ன்ட்ஸ் வரைந்த குறிகள் ஏறத்தாழ 4,000.

1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் பல மொழிக்காரர்கள் ஒரே நேரத்தில் வந்து இறங்கினார்கள். கட்சுமி மசாருவின் தலைமையில் ஜப்பானிய வடிவமைப்பாளர்கள் விளையாட்டுகளுக்கும், கழிவறை, தொலைபேசி, உணவகம் போன்ற வசதிகளுக்கும் படக்குறிகள் வரைந்தார்கள். வேலை முடிந்ததும் வசதிக் குறிகளின் பதிப்புரிமையை அவர்கள் கோராமல் விட்டுக்கொடுத்தார்கள். அந்தக் குறிகள் ஊரெங்கும் பரவ வேண்டும் என்பதே நோக்கம். பத்து ஆண்டுகள் கழித்து, 1974 இல், அமெரிக்கப் போக்குவரத்துத் துறைக்காக ரோஜர் குக், டொன் ஷனோஸ்கி ஆகியோரின் நிறுவனம் 34 குறிகளை வரைந்தது. 1979 இல் மேலும் 16 சேர்ந்து 50 ஆயின. அவையும் யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தக்கூடிய பொதுச் சொத்து. இன்று விமான நிலையங்களில் காணும் ஆண், பெண், மின்தூக்கி, பஸ் குறிகள் பலவற்றின் குடும்பம் அதுதான்.

மாணவியின் பஸ் பொத்தானுக்கு இங்கேயே விடை கிடைத்துவிட்டது. அந்த ஐம்பதில் உள்ள பஸ்ஸை அவள் தாராளமாக எடுக்கலாம்.

கணினித் திரைக்கு ஐகனைக் கொண்டுவந்தது 1981 இல் வெளியான ஜெரொக்ஸ் ஸ்டார். 1984 இல் வெளியான மெக்கின்டொஷ் கணினிக்காக சூசன் கேர் 32க்கு 32 கட்டத்தில், சதுரத் தாளில் புள்ளி புள்ளியாக நிரப்பி வரைந்தார். குப்பைத்தொட்டி ஐகன் அந்தக் காலத்தில்தான் ஊரறிந்தது. திரையின் தோற்றத்தை ஒட்டி ஒரு பெரிய வழக்கும் வந்தது. 1988 இல் ஆப்பிள் நிறுவனம், தன் திரையின் தோற்றத்தைப் பார்த்து அமைத்துவிட்டதாக மைக்ரோசொஃப்ட் மீதும் ஹியூலட் பக்கார்ட் மீதும் வழக்குத் தொடுத்தது. ஆண்டுக்கணக்கில் நடந்த வழக்கில் ஆப்பிள் பெரும்பகுதியில் தோற்றது. பதிப்புரிமை கருத்துக்கு இல்லை, அதை வெளிப்படுத்திய வடிவத்துக்கே உண்டு என்ற கோட்பாடு அங்கே முன்னுக்கு வந்தது.

இலங்கைச் சட்டம் சொல்வதும் இதையேதான். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஓர் எண்ணத்துக்கோ முறைக்கோ பதிப்புரிமை இல்லை. "பஸ் நேரத்தைக் காட்டப் பஸ் படம்" என்ற எண்ணம் எல்லோருக்கும் பொது. ஆனால் ஒருவர் வரைந்த குறிப்பிட்ட பஸ் அவருடையது. வரைந்த கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது; பதிவு தேவையில்லை; ஓரத்தில் வட்டத்துக்குள் எழுத்துப் போட்டிருக்க வேண்டும் என்பதும் இல்லை. பொதுவாக அந்த உரிமை படைத்தவரின் ஆயுளுக்கும் அதன் பின் 70 ஆண்டுகளுக்கும் நிற்கும். தன் பெயர் குறிப்பிடப்பட வேண்டும் என்று கேட்கும் உரிமையும் அவருக்கு உண்டு. பேர்ன் உடன்படிக்கையில் இலங்கை 1959 முதல் உறுப்பு நாடு என்பதால், வெளிநாட்டு ஓவியர் வரைந்த ஐகனுக்கும் லுணுகலையில் பாதுகாப்பு உண்டு. தேடலில் கிடைத்தது என்பதற்காக ஒரு படம் பொதுவாகிவிடாது.

உரிமத் தாளில் எழுதியிருப்பது

அப்படியானால் ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்க வேண்டுமா? அந்தச் சிரமத்தைக் குறைக்கத்தான் திறந்த உரிமங்கள் வந்தன. இன்னின்ன நிபந்தனையை ஏற்றால் கேட்காமலே எடுத்துக்கொள் என்று படைத்தவர் முன்கூட்டியே எழுதி வைப்பது திறந்த உரிமம். கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பு 2001 இல் தொடங்கி, 2002 இல் தன் முதல் உரிமங்களை வெளியிட்டது. அவற்றில் நான்கு சொற்களைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. 'பெயர் குறிப்பிடு' என்றால் எடுக்கலாம், மாற்றலாம், விற்கும் செயலியிலும் வைக்கலாம்; படைத்தவர் பெயரைப் போட வேண்டும். 'அதேபோல் பகிர்' என்றால் மாற்றியமைத்த படத்தையும் அதே உரிமத்தில்தான் வெளியிடலாம். 'வணிகமின்றி' என்றால் வருமானத்துக்கான வேலையில் வைக்கக் கூடாது; இலவசச் செயலியே ஆனாலும் விளம்பரம் ஓடத் தொடங்கியதும் இங்கே சிக்கல் வரும். 'மாற்றாதே' என்றால் கப் படத்தில் ஒரு பிடியைச் சேர்த்து வெளியிடவும் இடமில்லை.

மென்பொருள் உலகத்தின் எம்ஐடி, அப்பாச்சி உரிமங்களிலும் ஐகன்கள் கிடைக்கின்றன. ஃபெதர், டாப்லர் என்ற தொகுப்புகள் எம்ஐடி உரிமத்தில் வருகின்றன. மூல உரிமக் குறிப்பைக் கோப்போடு வைத்திருந்தால் போதும். கூகுள் 2014 இல் மெட்டீரியல் ஐகன்களைப் 'பெயர் குறிப்பிடு' உரிமத்தில் தந்தது. 2016 இல் அதை அப்பாச்சி 2.0 ஆக மாற்றியது. செயலிக்குள் பெயர் போட்டால் மகிழ்ச்சி, கட்டாயமில்லை என்பது அவர்கள் நிலை. 2012 இல் டேவ் கேண்டி தொடங்கிய ஃபொன்ட் ஓசம் தொகுப்பின் இலவசப் பகுதியில் ஒரே பொதிக்குள் மூன்று உரிமங்கள்: படங்களுக்குக் கிரியேட்டிவ் காமன்ஸ், எழுத்துருக் கோப்புக்குத் திறந்த எழுத்துரு உரிமம், நிரலுக்கு எம்ஐடி. தேவையான பெயர்க் குறிப்பு கோப்புகளுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. கோப்பைச் சிறிதாக்குகிறேன் என்று அந்த வரியை அழித்தால் நிபந்தனையை மீறியதாகும்.

நவுன் புரொஜெக்ட் வேறு வழியில் நடக்கிறது. 2010 இல் தொடங்கிய அந்தத் தளத்தில் உலகெங்குமுள்ள ஓவியர்கள் வரைந்து ஏற்றுகிறார்கள். பெயரைக் குறிப்பிட்டால் இலவசம். பெயர் போட விருப்பமில்லை என்றால் பணம் கட்டலாம். அதில் ஒரு பங்கு வரைந்தவருக்குப் போகும்.

பலரும் அறியாமல் இடறும் கல் ஆப்பிளின் எஸ்எஃப் சிம்பல்ஸ். 2019 இல் வெளியான அழகான, ஆயிரக்கணக்கான குறிகள் கொண்ட இலவசத் தொகுப்பு. ஆனால் ஆப்பிள் கருவிகளில் ஓடும் செயலிகளுக்கு மட்டுமே அது இலவசம். அண்ட்ராய்ட் செயலியில் வைக்கக் கூடாது. ஆப்பிள் செயலியிலும்கூட முகப்பு ஐகனாகவோ இலச்சினையாகவோ பயன்படுத்தக் கூடாது. தோட்டத்தில் பெரும்பாலோர் கையில் இருப்பது அண்ட்ராய்ட் என்பதால், மாணவிக்கு இந்த வரி முக்கியம்.

எமோஜியிலும் இதே குழப்பம். யூனிகோட் ஒவ்வோர் எமோஜிக்கும் ஓர் இலக்கமும் பெயரும் தருகிறது. அவை எல்லோருக்கும் பொது. திரையில் தெரியும் மஞ்சள் முகத்தை வரைவது அந்தந்த நிறுவனம். ஆப்பிள் வரைந்ததைப் படமாக வெட்டி எடுத்துச் சுவரொட்டியில் ஒட்ட முடியாது. அதேவேளை ட்விட்டர் நிறுவனம் 2014 இல் தன் எமோஜிப் படங்களைப் 'பெயர் குறிப்பிடு' உரிமத்தில் திறந்துவிட்டது. கூகுளின் நோட்டோ எமோஜியும் திறந்த உரிமத்தில் இருக்கிறது. எடுத்தாள வேண்டியவர்கள் அங்கே போகலாம்.

சிவப்புச் சிலுவையும் பச்சை வட்டமும்

மருந்தகப் பொத்தானுக்கு மாணவி முதலில் தேடுவது வெள்ளைப் பின்னணியில் சிவப்புச் சிலுவையாகத்தான் இருக்கும். அதைத் தொடக் கூடாது. யார் வரைந்தது, எந்த உரிமம் என்ற கேள்வியே அங்கே எழாது. போர்க்களத்தில் காயம்பட்டவரையும் மருத்துவரையும் காக்க 1864 இல் ஏற்கப்பட்ட அடையாளம் அது. அனுமதியில்லாமல் பயன்படுத்துவதை 1949 ஜெனீவா உடன்படிக்கைகள் தடுக்கின்றன. 2006 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டத்தின் வழியாக இலங்கையும் அந்த உடன்படிக்கைகளுக்குச் சட்ட வலுக் கொடுத்திருக்கிறது. கணினி விளையாட்டுக்காரர்களையும் இது விட்டுவைக்கவில்லை. 'பிரிசன் ஆர்கிடெக்ட்' என்ற விளையாட்டில் வரும் அம்புலன்ஸின் சிலுவையை மாற்றுமாறு பிரித்தானியச் செஞ்சிலுவைச் சங்கம் கேட்டுக்கொள்ள, அதைச் செய்த நிறுவனம் நிறத்தைப் பச்சையாக மாற்றியது. 2017 தொடக்கத்தில் வெளியே வந்த செய்தி இது. சண்டை நடக்கும் இடத்தில் அந்தக் குறிக்கு ஒரே பொருள் இருந்தால்தான் உயிர் தப்பும் என்பது செஞ்சிலுவையின் வாதம். கால் நூற்றாண்டுக்கும் மேலான போரைக் கண்ட நாட்டில் இதை விளக்க வேண்டியதில்லை. பச்சையில் வெள்ளைச் சிலுவை முதலுதவிக்கான சர்வதேசத் தரக் குறி. மருந்தகத்துக்கு அதுவோ, ஒரு மாத்திரைப் படமோ போதும். அவசர உதவிக்குப் படத்தைவிட 1990 என்ற இலக்கமே மேல். சுவசெரிய அம்புலன்ஸின் அந்த எண்ணைத் தெரியாதவர் குறைவு.

வாட்ஸ்அப் பொத்தான் வியாபாரக் குறிச் சட்டத்தின் கீழ் வருகிறது. ஐகன் தொகுப்புகளில் நிறுவனங்களின் இலச்சினைகளும் சேர்ந்திருக்கும்; தொகுப்பின் உரிமம் அவற்றின் வியாபாரக் குறி உரிமையைத் தந்துவிடாது. வாட்ஸ்அப்பைத் திறக்கும் பொத்தானில் வாட்ஸ்அப் குறியை வைக்கலாம். அதே பச்சை வட்டத்தைத் தன் செயலியின் முகமாக வைத்தால் பார்ப்பவர் ஏமாறுவார், அது தவறு. செயலியின் முகப்புக்குத் தேயிலைச் சபையின் சிங்கத்தை எடுத்துக்கொள்ள முடியாது என்பதும் இதே நியாயத்தால்தான்.

அம்மாவுக்கு விளங்குமா?

உரிமம் சரியாக இருந்தாலும் பொருள் சரியாக இருக்க வேண்டுமே. 2006 இல் பெங்களூரில், மைக்ரோசொஃப்ட் ஆய்வகத்தைச் சேர்ந்த இந்திராணி மேதியும் அவரது குழுவினரும், எழுதப் படிக்கத் தெரியாத வீட்டு வேலைப் பெண்கள் வேலை தேடுவதற்காக எழுத்தில்லாத் திரை ஒன்றை வடிவமைத்தார்கள். பாத்திரத்தை மட்டும் வரைந்தால் அது பொருளாகவே தெரிந்தது, வேலையாகத் தெரியவில்லை. குழாயிலிருந்து தண்ணீர் ஒழுகுவதுபோல் செயலைக் காட்டும் அடையாளம் சேர்ந்ததும் பாத்திரம் கழுவுவது என்று விளங்கியது. படம் பேச வேண்டுமானால் பார்ப்பவரின் அன்றாடம் அதில் இருக்க வேண்டும்.

தோட்டங்களுக்கு இந்தப் பாடம் புதிதல்ல. களைநாசினிப் போத்தல்களின் அடியில் கையுறை, சப்பாத்து, கை கழுவும் குழாய், பூட்டிய அலமாரி என்று வரிசையாக இருக்கும் சிறு படங்கள், 1980களில் ஐநா உணவு விவசாய அமைப்பும் பூச்சிக்கொல்லித் தொழிற்றுறையும் சேர்ந்து உருவாக்கியவை. யாராவது ஒருமுறை சொல்லிக் கொடுத்தால்தான் அவற்றின் பொருள் மனதில் நிற்கும். ஆகவே ஐகனின் கீழே தமிழில் ஒரு சொல் எழுதுவதும், டோக்பேக் போன்ற திரைவாசிப்பான் உரக்கச் சொல்லும் விவரத்தைத் தமிழிலேயே நிரப்புவதும் செயலி செய்பவரின் கடமை. 'பேர்க் கணக்கு' என்று காதில் விழுந்தால் அம்மா தடுமாற மாட்டார்.

கடைசியாக முதல் பொத்தான்: கொழுந்து நிறை. இங்கேதான் மாணவி திகைத்து நிற்பாள். 2019 இல் எமோஜிப் பட்டியலில் சேலை, அகல்விளக்கு, முச்சக்கர வண்டி, இந்துக் கோயில் எல்லாம் ஏறின. 2020 இல் தேநீர்க் கேத்தலும் வந்தது. தேநீர் கப் அதற்கும் முன்பே இருக்கிறது. முதுகில் கூடை தொங்க, இடுப்பில் படங்கு கட்டிக் கொழுந்து பறிக்கும் பெண் அந்தப் பட்டியலில் இல்லை. கூடை என்று தேடினால் கடையில் சாமான் போடும் கூடையோ, துணி போடும் கூடையோதான் வரும். நெற்றியில் மாட்டிய கயிற்றில் முதுகோடு தொங்கும் கூடையும், காலையில் வேலைக்கு ஆள் கூடும் பிரட்டுக்களமும், பறிக்கும் மட்டத்தைக் காட்டும் மட்டக்கம்பும், லயத்துக் கூரையும், கவ்வாத்துக் கத்தியும் பெரும் தொகுப்புகளின் வழக்கமான வரிசையில் சேரவில்லை. குடிப்பவரின் கப்புக்கு இருக்கும் படம் பறிப்பவரின் கூடைக்கு இல்லை என்பது மலையகத்துக்குச் சின்ன விடயமல்ல.

அதை வரைய முடியும். இங்க்ஸ்கேப் என்ற வரைதல் மென்பொருள் இலவசம். 24க்கு 24 கட்டம், ஒரே தடிப்புக் கோடு, கூடையின் பின்னல் சாயலுக்கு மூன்று நான்கு குறுக்குக் கோடுகள். வரைந்ததைத் தோட்டத்து அம்மாமார் நாலு பேரிடம் காட்டி, இது என்னவென்று கேட்டுத் திருத்த வேண்டும். மற்றப் படங்களை எங்கிருந்து எடுத்தோம் என்பதைச் செயலியின் 'பற்றி' பக்கத்தில் படத்தின் பெயர், வரைந்தவர், கிடைத்த இடம், உரிமம் என்ற நான்கு விவரத்தோடு எழுத வேண்டும். பதிவிறக்கிய அன்றைய உரிமத் தாளின் பிரதியையும் கோப்போடு சேமித்து வைப்பது நல்லது. தொகுப்புகளின் நிபந்தனை பின்னாளில் மாறலாம் என்பதற்குக் கூகுளின் தொகுப்பே சாட்சி.

லுணுகலையிலும் பசறையிலும் மடுல்சீமையிலும் கணினி படிக்கும் தம்பி தங்கைகள் இந்த வேலையை எடுத்துச் செய்ய வேண்டும். கூடையில் தொடங்கி இருபது படங்கள் வரையுங்கள். உங்கள் பெயரைப் போட்டு, யாரும் எடுத்தாளக்கூடிய 'பெயர் குறிப்பிடு' உரிமத்தில் வெளியிடுங்கள். அடுத்து மலையகத்துக்குச் செயலி செய்பவர், அவர் கொழும்பில் இருந்தாலும் டொரொன்டோவில் இருந்தாலும், கொழுந்துக் கூடையைத் தேடும்போது உங்கள் கூடை அவருக்குக் கிடைக்கட்டும்.